எழுதி எழுதி அழித்த வரி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. 'உங்கள் சோதனைக் காலம் முடிய இன்னும் முப்பது நாட்கள்.'

எனக்கு ஒரே குஷி.

இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். புதுசு என்று எது வந்தாலும் கை பரபரக்கும். கடையில் புது செல்போன் மாடலைப் பார்த்துவிட்டால், பையில் இருக்கும் பழைய போனின் பட்டன்கள் அந்த நிமிஷமே தேய்ந்துபோனதாகத் தோன்றும். கையில் இருப்பது திடீரென்று போதாமல் போய்விடும். உங்களுக்கும் உண்டா இது? உமா — என் மனைவி — இதற்கு மருந்தே கிடையாது என்று கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது.

இந்தத் தடவை வந்தது ஒரு சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் திரையில் நடப்பதை அப்படியே வீடியோவாகப் பிடித்து, வெட்டி, ஒட்டி, எழுத்து சேர்த்துக் கொடுப்பது. பழைய பதிப்பை நாலு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். புதிய பதிப்பு வந்துவிட்டது. முப்பது நாள் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கம் ரிப்போர்ட் தர வேண்டும். அந்த வேலை என் தலையில். இல்லை, என் மடியில். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்தி எழுதுவது எனக்கு வாரக் கடைசியில்தான். மற்ற ஐந்து நாளும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் பயிற்சி வீடியோ தயாரிக்கிறேன். ஒரு ஆபீசில் புது சாஃப்ட்வேர் போடுகிறார்கள் என்றால், அங்கே இருக்கிற குமாஸ்தா எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்? அதை நான் திரையில் செய்துகாட்டி, கூடவே பேசி, பதிவு செய்வேன். என் வேலை அத்தோடு சரி. அதை மனிதர்கள் உட்கார்ந்து பார்க்கிற வீடியோவாக மாற்றுவது சாமுவேல்.

சாமுவேலுக்குக் கருங்குழி பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர். டிப்ளமோ முடித்துவிட்டு மதுராந்தகத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்துகொண்டிருந்தவர், விளம்பரம் பார்த்து எங்களிடம் வந்தார். கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு, செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து எங்கள் ஆபீஸ் — தினமும் மூன்று பஸ். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. நாலு வருஷமாக.

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் என்னை 'அண்ணாத்த, நீ' என்பார். நான் கோயம்புத்தூர்க்காரன். எனக்கு யாரையும் 'நீங்க' போடாமல் பேச வராது. அவருக்கு யாரையும் 'நீங்க' போட்டுப் பேச வராது. இரண்டு பேருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

சரி... அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். பதினோரு மணிக்கு எங்கள் மேனேஜர் பிரேமா மேடம் கூப்பிட்டார்.

"சார், ரிப்போர்ட்ல ஒரு விஷயம் தெளிவா வேணும். இந்த வெர்ஷன் வந்தா, எடிட்டிங்குக்குன்னு தனியா ஒரு ஆள் தேவைப்படுமா?"

"ஏனுங்க மேடம்?"

"சாமுவேலோட கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியில முடியுது. ரின்யூ பண்ணணுமான்னு மேல கேக்கறாங்க. எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பண்ணிடுதுன்னு அந்த கம்பெனியோட பிரவுச்சர்ல போட்டிருக்கான். நிஜமான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க." கதவை ஒரு பார்வை பார்த்தார். "அவர்கிட்ட இப்ப எதுவும் சொல்லவேண்டாம். வீணா டென்ஷன் ஆவார்."

தலையாட்டிவிட்டு வந்தேன். குஷி பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

ஒரு பொருளை மதிப்பிடச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்திவைத்துவிட்டுத்தான் நம்மிடம் கேட்கிறார்கள். அது மதிப்பிட ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது.

முதல் வாரம் சோதனையில் போயிற்று. புதிய பதிப்பின் பெரிய கவர்ச்சி ஒன்றுதான். மவுஸ் எங்கே போகிறதோ, அந்த இடத்தை அதுவே பெரிதாக்கிக் காட்டும். நாம் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். சாமுவேல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை அது.

ஐந்து நிமிடப் பாடம் ஒன்றைத் தயார் செய்தேன். சோதனையாச்சே என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நிதானமாகப் பேசி, பதிவு செய்து, அதனிடம் கொடுத்தேன். டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் வீடியோ தயாராக இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். சொல்லக் கூடாது... பிரமாதம். சரியான நேரத்தில் பெரிதாகிறது, சரியான நேரத்தில் சின்னதாகிறது. ஃபேன் இரைச்சலைக்கூடத் துடைத்துவிட்டிருந்தது.

கை தட்ட வேண்டும்போல இருந்தது. பின்னாலேயே பிரேமா மேடத்தின் கேள்வி ஞாபகம் வந்தது.

"இன்னா அண்ணாத்த, டீ ஆறிப்போவுது. அப்டி இன்னா பார்த்துகினு கீற?"

சாமுவேல். பின்னால். சட்டென்று கம்ப்யூட்டர் ஜன்னலை மாற்றினேன். திரையில் எங்கள் ஆபீஸ் விடுமுறைப் பட்டியல். நாற்பத்தைந்து வயசு ஆள், விடுமுறைப் பட்டியலை அவ்வளவு ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் நம்பினாரா, தெரியாது.

அவர் வந்தது வேறு விஷயமாக.

"அண்ணாத்த, உன் ஏரியாவுல ஒரு வூடு பாரேன். எஸ்தருக்கு இத்தோட அஞ்சு மாசம். செங்கல்பட்டுல ட்யூட்டி முடிஞ்சி அவ வூடு வர்றதுக்கும் நான் வர்றதுக்கும்... பேஜாரா கீது. திருப்போரூர் ஆஸ்பத்திரிக்கு டிரான்ஸ்பர் எழுதிக் குடுத்துகிறா. கேளம்பாக்கத்துல வூடு கெடச்சா ரெண்டு பேருக்கும் நடுவால."

எஸ்தர் அவர் மனைவி. நர்ஸ்.

"பாக்கறேனுங்க சாமுவேல்."

"சும்மா சொல்லாத. நெஜமா பாரு."

நிஜமாகவே பார்த்தேன். அதுதான் என் கஷ்டம். பார்க்காமலே 'அமையலை' என்று சொல்கிற சாமர்த்தியம்கூட இல்லை. எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்தெருவில் மாடியில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. நல்ல காற்று. தண்ணீர் வருகிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"உங்க ஆபீஸ்ல வேலை செய்யறவரா? பர்மனென்ட்டா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. "கேட்டுச் சொல்றேனுங்க" என்று என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் சாமுவேல் கேட்டார். "ஒண்ணும் அமையலீங்க" என்றேன்.

அந்த வீட்டைச் சொல்லி, அவர் கருங்குழியைக் காலி செய்துகொண்டு வந்து, மாதக் கடைசியில் வேலை போனால்? சொல்லாமல் விட்டு, வேலை போகாமல் இருந்தால்? ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு குடிக்காமல் வந்தேன். ஒரு நாளில் மூன்று டீ அப்படிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை உமாதான் கிளப்பினாள். கோவளம் வழியாகப் பிடித்தால் மாமல்லபுரம் எவ்வளவு நேரம்? கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது அவளைப் பொறுத்தவரை. நான் சோளம் வாங்க எழுந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்க எழுந்தேன். வண்டியைப் பூட்டினேனா என்று பார்க்க எழுந்தேன். எதிரே ஒருவர் ஹேண்டிகேமராவில் அலையையும் குழந்தையையும் மாறி மாறி இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"ஏனுங்க, மணல்ல முள்ளு ஏதாச்சும் இருக்குதா?" என்றாள் உமா.

சொன்னேன். எல்லாவற்றையும். அவள் சோளத்தைக் கீழே வைத்தாள்.

"அவருகிட்ட சொல்லீடுங்க."

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"வூடு அமையலைன்னு சொல்லச் சொன்னாங்களா?"

மறுபடியும் வண்டியைப் பார்க்க எழுந்தேன்.

அடுத்த புதன்கிழமை நடந்ததுதான் விஷயம்.

நாள் முழுக்கப் பதிவு செய்தால் இந்தச் சாஃப்ட்வேர் தாங்குமா, நடுவில் படுத்துவிடுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. காலை பத்து மணிக்கு ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டேன். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. முதல் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். மறந்து... ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நிறுத்தினேன். படுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் பதிவாகி, ஒழுங்காகச் சேமித்தும் வைத்திருந்தது. 'நீண்ட பதிவு — திருப்தி' என்று குறித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். எங்கே சேமித்தது என்று பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நாலு வருஷமாக என் பதிவுகள் எல்லாம் போகிற இடம் ஒன்றுதான். பொது ஃபோல்டர். காலையில் வந்ததும் சாமுவேல் திறந்து பார்க்கிற ஃபோல்டர். புதிய பதிப்பை நிறுவியபோது நானே அந்த இடத்தைத்தான் காட்டியிருக்கிறேன், பழக்கத்தில்.

மறுநாள் நான் போனபோது சாமுவேல் சீட்டில் இருந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, நேத்து ஒரு ஃபைல் போட்டுகிற. ஆறு மணி நேரம் கீது. இத்த எங்க வெட்டணும்?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"உக்காரு" என்றார். ஒரு ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

திரையில் என் திரை. என் ரிப்போர்ட். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'புதிய பதிப்பு வந்தால் எடிட்டிங்குக்குத் தனி ஆள் தேவையில்லை.' முற்றுப்புள்ளி. கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக மறைந்தது. காலி. மறுபடி அதே வரி. மறுபடி காலி. நடுவில் ஒரு பெருமூச்சு. மைக் வேறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

தன் திரையைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் தெரியுமா? திருடன் தன் கை ரேகையைப் பார்ப்பதுபோல இருக்கும்.

சாமுவேல் கொஞ்சம் ஓட்டி வேறொரு இடத்தில் நிறுத்தினார். போன் மணி. என் குரல். "இல்லீங்க சார்... அவரு இப்போதைக்கு வர்ற மாதிரி இல்லீங்க. வேற யாராச்சும் வந்தா வூட்டைக் குடுத்துடுங்க."

பின்தெரு வீட்டுக்காரர். புதன்கிழமை மதியம், சாமுவேல் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கூப்பிட்டிருந்தார். அதையும் மறந்திருந்தேன்.

"வூடு அமையலன்னு சொன்ன" என்றார் சாமுவேல்.

ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஆறு தபா எழுதி ஆறு தபா அழிச்சிகிற. அழிச்சதுக்குத் தேங்க்ஸ் சொல்லலாம். எழுதுனதுக்கு இன்னா சொல்றது, சொல்லு."

குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சாமுவேல், சொல்லக் கூடாதுன்னு மேடம்..."

"மேடம் சொல்லுவாங்க. அவங்க மேடம். நீ யாரு?"

எழுந்து போய்விட்டார். பன்னிரண்டு வரை வரவில்லை. அவர் நாற்காலியைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கிளம்பி செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டாரோ? வாசல் வரை இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். செக்யூரிட்டி, "இன்னா சார், யாரைத் தேடறீங்கோ?" என்றார். யாரையும் இல்லை என்றேன். இன்னொரு பொய்.

மதியம் வந்தார். சாப்பிட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அவரே பேசினார்.

"அந்தப் புது சாஃப்ட்வேர என் மெஷின்ல போடு. எத்தினி நாளு கீது?"

"பதிமூணு."

"போதும்."

மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாஸ்தாவுக்கு எழுந்திருப்பார், டீக்கு எழுந்திருப்பார், மறுபடி உட்காருவார். பக்கத்து சீட்டில் நான் நெளிந்துகொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை, திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

"அண்ணாத்த, இங்க வா. உன் பழைய ரெக்கார்டிங் ஒண்ணு போட்டுகிறேன். போன மாசத்துது. நான் ஒண்ணும் பண்ணல. அதுவே வெட்டுனது. பாரு."

பார்த்தேன். முதல் நிமிடம் சரியாகத்தான் போனது. பிறகு படம் ஓடத் தொடங்கியது. மேலே, கீழே, வலது மூலை, மறுபடி கீழே. நான் பேசுவது ஓர் இடத்தைப் பற்றி. பெரிதாகித் தெரிவது வேறோர் இடம். திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் படிப்பதுபோல இருந்தது. மூன்றாவது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாஃப்ட்வேர்ல கோளாறுங்களா?"

"இல்ல. அது கரீட்டாதான் பண்ணுது. மவுஸ் எங்க போவுதோ அங்க போவுது. உன் மவுஸுதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

"நானா?"

"பின்ன? நீ பேசச்சொல்லோ கை சும்மா இருக்காது. எங்கியோ சுத்திகினே இருக்கும். நாலு வருசமா அத்தலாம் நான்தான் மறைச்சிகினு கீறேன். எங்க பெருசு பண்ணணும்னு உன் மவுஸ பார்த்தா தெரியாது. உன் கொரல கேட்டாத்தான் தெரியும்."

நாலு வருஷம். நான் பேசிய பாடங்களைப் பார்த்துவிட்டுப் பலர் சொல்லியிருக்கிறார்கள் — சார், எவ்வளவு நிதானம், எவ்வளவு தெளிவு! நானும் அடக்கமாகச் சிரித்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நிதானம் கருங்குழியிலிருந்து மூன்று பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

என் ஐந்து நிமிடச் சோதனை ஏன் பிரமாதமாக வந்தது? அன்றைக்கு நான் நானாக இல்லை. பரீட்சைக்கு உட்கார்ந்த மாணவன்போல மவுஸைப் பிடித்திருந்தேன். அந்த ஒரு வீடியோவை வைத்துத்தான் ஒருவருடைய சோற்றைத் தீர்மானிக்க இருந்தேன்.

"அப்போ இதை வாங்க வேண்டாம்னு எழுதீடலாமுங்க" என்றேன் வேகமாக.

சாமுவேல் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஏன் வேணாம்? சூப்பரா கீது. ஃபேன் சத்தம் தொடைக்க எனக்கு அரை நாளு ஆவும். இதுல ஒரு க்ளிக். எழுத்துப் போடறதும் ஈசி. எனக்கு இது வேணும். ஒண்ணே ஒண்ணுதான், இதுல சேவ் பண்ணா பழைய வெர்ஷன்ல தொறக்காது. அத்த மட்டும் பார்த்துக்கணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வேலையைத் தின்ன வந்த சாஃப்ட்வேரை, மூன்று நாள் கோபத்தோடு உட்கார்ந்து, என்னைவிட நேர்மையாக எடை போட்டிருந்தார்.

"பக்கத்துல உக்காருங்க. ரிப்போர்ட்டை இப்பவே எழுதிடலாம்" என்றேன்.

"நானா?"

"நீங்கதான். நான் எழுதற ஒவ்வொரு வரியையும் பாருங்க."

எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். ஓர் இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு, 'சாமுவேல் இல்லாமல் இந்தப் பிரிவே இல்லை' என்று தட்டினேன்.

"அத்த எடு" என்றார்.

"ஏனுங்க?"

"பொய் மாதிரி கீது. நான் வர்றதுக்கு முன்னாலயும் வீடியோ வந்துச்சி. கேவலமா வந்துச்சி, ஆனா வந்துச்சி."

எடுத்தேன். கடைசியில் நின்றது இதுதான்: 'புதிய பதிப்பை வாங்கலாம். அரை நாள் வேலைகள் சிலவற்றை ஐந்து நிமிடத்தில் முடிக்கிறது. ஆனால் எதைப் பெரிதாக்கிக் காட்டுவது என்பதை அதனிடம் விட முடியாது. அதற்கு எடிட்டர் தேவை. ஆதாரம், இணைத்திருக்கும் வீடியோ. அதில் பேசுபவர் நான்.'

பிரேமா மேடம் அந்த வீடியோவை என் எதிரிலேயே போட்டுப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நிறுத்திவிட்டு, "இதைச் சாமுவேல்தான் கண்டுபிடிச்சாரா?" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"அப்ப அவருக்கு விஷயம் தெரியும்."

"தெரியுமுங்க."

"சொல்ல வேண்டாம்னேனே?"

"நான் சொல்லலீங்க மேடம்..." என்று ஆரம்பித்தேன். அதுவும் சாமர்த்தியமாகத்தான் இருந்தது, அதனால் நிறுத்திக்கொண்டேன். "சொல்லியிருக்கணும். அவருக்கு ஒரு வீடு வேற பார்க்கச் சொல்லியிருந்தார். அமையலைன்னு பொய் சொல்லிட்டேன். அது உங்க உத்தரவு இல்லீங்க. என் சொந்த வேலை."

அவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "மேல அனுப்பறேன். முடிவு அவங்க கையில" என்றார்.

மேலே என்பது எந்த மாடி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே எதுவும் சீக்கிரம் நடப்பதில்லை. ஒரு வாரம். தொலைபேசி அடித்தால் நானும் சாமுவேலும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் குனிந்துகொண்டோம். மாதத்தின் கடைசி வேலை நாளில், சாயங்காலம் நாலரை மணிக்குக் கடிதம் வந்தது. சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள். சாமுவேலுக்கு இன்னும் ஒரு வருஷம். பர்மனென்ட் இல்லை. ஒரு வருஷம்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒரு வருசம்" என்றார். "அதுக்குள்ள அடுத்த வெர்ஷன் வந்துரும்."

"வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாக்கலாமுங்க."

பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஆனால் போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனார். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை.

பின்தெரு வீட்டுக்கு அன்றே ஓடினேன். முன் வாரமே வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். ஜன்னலில் அவர்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது. சாமுவேல் என்னிடம் இன்னொரு தடவை வீடு பார்க்கச் சொல்லவில்லை. அவரே அலைந்து திருப்போரூரில் ஒன்று பிடித்தார். எஸ்தருக்கு டிரான்ஸ்பரும் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து, "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. ஜெபம் கீது. அண்ணியையும் கூட்டினு வா" என்றார்.

போனோம். சின்ன வீடுதான். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். கருங்குழியிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஹாலின் மூலையில் சாமுவேலின் கல்யாண வீடியோ காலத்துக் கம்ப்யூட்டர், துணி போர்த்தி. எஸ்தரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, என் இலையில் பிரியாணி வைத்தார்.

"நீங்கதான் அந்த அண்ணாத்தயா?"

"ஆமாங்க."

"அந்த ஃபைல இவரு பென் டிரைவ்ல வூட்டுக்கு எடுத்தாந்து எனக்கும் போட்டுக் காட்னாரு."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பக்கத்து இலையில் உமா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறு தபா அழிச்சீங்கன்னு இவரு சொன்னாரு. இல்ல. ஏழு. நான் எண்ணிப் பார்த்தேன்." கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "அந்த ஏழாவதுக்கு அப்புறம் திரும்ப எழுதல நீங்க. அதனாலதான் உங்கள வரச் சொல்லு, பரவால்லன்னு சொன்னேன். சாப்புடுங்க."

பிரியாணி மிக நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி கேட்கத்தான் தைரியம் வரவில்லை.